இமயத்தை அளந்தவர்களும் எழுதியவர்களும்

வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் முசௌரிக்கோ டார்ஜிலிங்குக்கோ செல்வது வழக்கம். அங்கே விடியற்காலையில் பனிமுடிகளைச் சுட்டிக்காட்டும் வழிகாட்டி, ஒவ்வொரு முடியின் பெயரையும் சொல்லி, அதே மூச்சில் அதன் உயரத்தையும் சொல்லிவிடுகிறார். பெயரும் எண்ணும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. நம் பிள்ளைகளும் தேர்வுக்காக அந்த எண்ணையே மனப்பாடம் செய்கின்றனர். அது யாரால் எழுதப்பட்டது, எவ்வாறு எழுதப்பட்டது என்று கேட்பார் அரியர்.

இக்கட்டுரையில் அக்கேள்வியைக் கேட்க முயல்கிறோம். இமய அளவையின் வரலாறு முழுவதையும் கூறுவது நம் நோக்கமன்று. திறனாய்வாளர் ஒரு நூலை அணுகுவது போல, மலையை அளந்த செய்தியைச் சொல்லும் எழுத்துகளை அணுகி, அவற்றுள் எது மெய்யோடு நிற்கிறது, எது பிறழ்கிறது என்று காண்பதே நோக்கம். அளந்த எண்ணில் பிழை நேர்ந்தால் அடுத்த அளவை அதனைத் திருத்திவிடும். அளந்தவரைப் பற்றிய எழுத்தில் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவோர் யார்?

புலவர் கண்ட மலை

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பழந்தமிழ்ப் புலவர்க்கு இமயம் கண்ணால் கண்ட மலை என்பதைவிட, எல்லையாய் நின்ற மலை என்பதே பொருந்தும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய காரிகிழார், வடக்கே பனிமலையையும் தெற்கே குமரியையும் எல்லையாக நிறுத்தி, அவற்றுக்கும் அப்பால் அவன் புகழ் பரவுக என்கிறார். கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தான் என்கிறது சிலம்பு. நெடுஞ்சேரலாதன் இமயவரம்பன் என்றே பெயர் பெற்றான். செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்துக் கல்லைக் கொணர்ந்தான். வெற்றியின் கடைசிப் புள்ளியாக அம்மலை நின்றதேயன்றி, அதன் உயரம் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை.

கேட்காமைக்குக் காரணமும் உண்டு. நல்லாசிரியரின் இயல்பை உரைக்கும் பவணந்தி முனிவர் நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கை உவமையாக்குகிறார். மலைக்கு அவர் கூறும் முதல் இலக்கணமே அதன் அளவு அளந்தறிய இயலாதது என்பதுதான். அடுத்த உவமையோ அளப்பதற்கென்றே அமைந்த துலாக்கோல். அளக்க முடியாத பொருளும் அளக்கும் கருவியும் ஒரே ஆசிரியரிடத்தில் ஒருங்கே அமையவேண்டும் என்பது அவர் கருத்து. வடமொழியில் காளிதாசர் வேறொரு வழியில் சென்றார். குமாரசம்பவத்தின் தொடக்கத்திலேயே, கீழ்க்கடலுக்கும் மேல்கடலுக்கும் இடையே கிடக்கும் இமயத்தை, பூமியை அளக்க வைத்த கோலுக்கு ஒப்பிட்டார். பவணந்தியார்க்கு மலை அளவுக்கு அடங்காத பொருள். காளிதாசர்க்கு மலையே அளவுகோல்.

இவ்விடத்தில் நாம் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வழியையும் காற்றின் திசையையும் வானத்தின் நிலையையும் நேரில் சென்று அளந்து அறிந்தவர்கள் போல உரைக்க வல்லாரும் உளர் என்கிறார். இப்பாட்டைக் கொண்டு, தமிழர் அன்றே வானையும் மலையையும் அளந்துவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாட்டு அவ்வாறு சொல்லவில்லை. அத்தகைய அறிவுடையோர்க்கும் எட்டாத அடக்கம் உடையவன் அம்மன்னன் என்று சொல்லவே புலவர் அவ்வறிஞரைத் துணைக்கு அழைக்கிறார். உவமையைச் சான்றாக்குவது பாட்டுக்கும் பெருமையன்று, அளந்தவர்க்கும் நீதியன்று. ஆயினும் ‘நேரில் சென்றவர் போல’ என்னும் அக்கருத்தை மனத்தில் இருத்திக்கொள்வோம். உலகின் மிகவுயர்ந்த மலை அளக்கப்பட்ட முறை அதுவே.

பறங்கிமலையிலிருந்து

இமயத்தை அளந்த கதை இமயத்தில் தொடங்கவில்லை. சென்னைக்குத் தெற்கே பறங்கிமலையின் அடிவாரத்தில் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு, சமநிலத்தில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பத்தையும் கணக்கிட்டுக்கொண்டே அளக்கவேண்டியிருந்தது.

முக்கோண அளவையின் முறை எளிது, உழைப்போ பெரிது. ஒரு கோட்டின் நீளத்தை அறிந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியை நோக்கும் கோணங்களையும் அறிந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கால் பெறலாம். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். சங்கிலியை மறுபடி இழுக்க வேண்டியது சரிபார்ப்பதற்கு மட்டுமே. கோணத்தை அளக்கும் தியோடலைட் என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து அது கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். பின்னர் திருப்பி அனுப்பிவைத்தனர்.

தஞ்சை நிலம் தட்டையானது. குன்றில்லாத காவிரி நாட்டில் கோயில் கோபுரங்களே குன்றாயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது அக்கருவியை ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி விமானத்தின் பக்கத்தில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராமல், ஆறு வாரக் காலம் கூடாரத்தில் அமர்ந்து, வளைந்துபோன வட்டத்தைத் தம் கையாலேயே நேர்செய்தார். இராசராசன் எழுப்பிய கற்றளி அயலார் கருவிக்கு மேடையானதை எண்ணி வருந்துவோரும் உண்டு. பெருமிதம் கொள்வோரும் உண்டு. இரண்டும் மிகையே என்பது நம் கருத்து. அக்கோபுரத்தைவிட உயர்ந்த இடம் அந்நிலத்தில் இல்லை என்பதே அந்நிகழ்ச்சி கூறும் செய்தி.

இவ்வாறு தொடங்கிய முக்கோணத் தொடர் குமரி முனையிலிருந்து முசௌரிக்கு அண்மையிலுள்ள மலைகள் வரை, ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்டது. லாம்டன் 1823ஆம் ஆண்டில் இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில் பணிநடுவே காலமானார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் 1840களின் தொடக்கத்தில் அதனை நிறைவேற்றினார். காரிகிழார் பாட்டில் வாழ்த்தாக இருந்த குமரி முதல் பனிமலை வரையிலான கோடு, சங்கிலியாலும் கோணத்தாலும் கணக்கேட்டில் ஏறியது. இந்த ஒப்புமை தற்செயலானது; லாம்டன் புறநானூற்றைப் படித்தவரல்லர். ஆனால் ஒரே நிலத்தின் இரு முனைகளைப் புலவரும் அளவையாளரும் தத்தம் தேவைக்காகத் தேர்ந்தனர் என்பது எண்ணத்தக்கது. புலவர்க்குத் தேவை அரசனின் புகழ். அளவையாளரை அனுப்பியவர்க்குத் தேவை நிலத்தின் மீதான ஆட்சி. பூமியின் வடிவத்தை அறியும் அறிவியல் வேட்கை லாம்டனுக்கு உண்மையாகவே இருந்தது. கும்பினியார் அதற்குப் பணம் கொடுத்தது படைவழிக்காகவும் வரிக்காகவும் என்பதும் அதே அளவு உண்மை.

பதினைந்தாம் சிகரம்

எவரெஸ்டுக்குப்பின் ஆண்ட்ரூ வா தலைமை ஏற்றார். நேபாள அரசு அயலாரை உள்ளே விடவில்லை. ஆகவே மலையடிவாரத் தெராய்க் காடுகளின் ஓரத்தில் கோபுரங்கள் கட்டி, அங்கிருந்தே பனிமுடிகளை நோக்கினர். காய்ச்சல் மிகுந்த அந்நிலத்தில் அளவைக் குழுவினர் பலர் மாண்டனர். 1849ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நிக்கல்சன் என்பவர் பல இடங்களிலிருந்து ஒரு சிகரத்தை நோக்கிக் கோணங்களைக் குறித்தார். அவற்றுள் மிக அண்மையான இடமே நூறு மைலுக்கு அப்பாற்பட்டது. மலேரியா கண்டு அவர் பணியை விட நேர்ந்தது. அச்சிகரத்துக்கு அப்போது பெயரில்லை. பதினைந்து என்னும் ரோமானிய எண்ணே பெயராயிற்று.

கோணம் கிடைத்துவிட்டால் உயரம் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. பூமி வளைந்திருப்பதால் தொலைவிலுள்ள மலையின் ஒரு பகுதி அடிவானத்தின்கீழ் மறைகிறது. ஒளியோ காற்றின் அடுக்குகளினூடே வளைந்து வந்து, மலையை உள்ளதைவிட உயர்த்திக் காட்டுகிறது. அவ்வளைவு காலையில் ஒருவகை, மாலையில் ஒருவகை. வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். இவற்றையெல்லாம் கழித்துக் கூட்டிய பின்னரே, கடல்மட்டத்துக்குமேல் 29,002 அடி என்னும் விடை கிடைத்தது. 1852ஆம் ஆண்டளவில் கணக்கு உருப்பெற்றபோதும், வா அதனை மீண்டும் மீண்டும் சரிபார்த்து 1856ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் அறிவித்தார். அந்த நான்காண்டுத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். தான் சொல்வதைத் தானே ஐயுறும் பண்பு, எழுதுவோர் யாவருக்கும் வேண்டிய பண்பு.

ஓடிவந்து சொன்ன கதை

இனி எழுத்துகளுக்கு வருவோம். இக்கண்டுபிடிப்பைப் பற்றி மிகவும் பரவியுள்ள கதை ஒன்றுண்டு. இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணிப்பாளர் ஒருநாள் தலைவரின் அறைக்குள் ஓடிவந்து, உலகின் மிகவுயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டதாக மூச்சிரைக்கக் கூறினார் என்பது அக்கதை. பாடநூல்களுக்கும் மேடைப் பேச்சுக்கும் இது மிகவும் வாய்ப்பானது. கதாநாயகன் இருக்கிறான், ஒரு கணம் இருக்கிறது, ஒரு கதவும் இருக்கிறது.

குறை ஒன்றே: கதவு பொருந்தவில்லை. சிக்தார் 1849ஆம் ஆண்டிலேயே தலைமைக் கணிப்பாளராகக் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். வாவின் அலுவலகம் டேராடூனில் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தொலைவு. ஓடிவந்து சொல்லியிருக்க இயலாது. மேலும், கோணம் குறித்தவர் ஒருவர், சிகரங்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தியவர் ஒருவர், ஒளிவளைவைக் கணித்தவர் ஒருவர் என்று பலர் கையும் சேர்ந்த வேலை அது. டேராடூன் அலுவலகத்திலும் கணக்கு நடந்தது.

இதனால் சிக்தாரின் பெருமை குறைகிறதா? குறையவில்லை என்பதே நம் முடிபு. 1813இல் பிறந்து, கல்கத்தா இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1831ஆம் ஆண்டில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் கணிப்பாளராகச் சேர்ந்தவர் அவர். கோள முக்கோணக் கணக்கில் அவருக்கு நிகரானவர் அத்துறையில் அரியர் என்பதை எவரெஸ்டே உணர்ந்திருந்தார். அவருடைய உண்மையான உழைப்பு ஆண்டுக்கணக்கில் பரந்து கிடப்பது. அதனை ஒரு நொடியின் கூச்சலாகச் சுருக்கும் கதை, அவரைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டே சிறுமைப்படுத்துகிறது. மறைத்தவர்களை எதிர்த்துப் பேசப் புறப்பட்டவர்கள் கற்பனையைத் துணைக்கொண்டால், மறைத்தவர்களுக்கே வாய்ப்பளித்தவர்கள் ஆவர். கதை பொய்யென்று காட்டியவுடன், மனிதரும் பொய்யென்று தள்ளிவிட அவர்களுக்கு எளிதாகிவிடும்.

பாயிரத்தில் விடுபட்ட பெயர்

சிக்தாருக்கு நேர்ந்த உண்மையான அநீதி வேறிடத்தில் உள்ளது. அது அச்சிலேயே உள்ளது. இந்தியாவுக்கான நில அளவைக் கையேடு ஒன்றை ஸ்மித், துயிலியர் என்னும் இரு அதிகாரிகள் 1851ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் கணிதப் பகுதிகள் சிக்தாரின் கைவண்ணம் என்பதை முகவுரையில் நன்றியுடன் குறித்தனர். 1870இல் சிக்தார் மறைந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் பகுதிகள் இருந்தன, நன்றியுரை இல்லை. அக்காலத்து ஆங்கில இதழொன்றில் இதனைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவரும் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியே என்பது குறிப்பிடத்தக்கது. இறந்தவரிடம் கொள்ளையடித்தல் என்னும் பொருள்பட அவர் எழுதினார்.

நம் இலக்கண நூலார் பாயிரத்துக்கு வகுத்த விதிகளை இங்கே நினைவுகூர்வோம். ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள், கேட்டற்குரியோர், பயன் என எட்டும் சிறப்புப் பாயிரத்தில் அமைதல் வேண்டும். முதலாவது ஆக்கியவர் பெயர். இதனை நாம் பள்ளியில் உருப்போட்டபோது வெறும் சடங்கென்றே எண்ணினோம். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குள் ஒரு மனிதர் காணாமற்போவதைப் பார்க்கும்போதுதான், விதியின் அருமை புலனாகிறது. பாயிரம் அலங்காரமன்று, அது ஒரு சான்றுப் பத்திரம்.

சிக்தார் எழுத்துலகுக்கும் புறம்பானவரல்லர். 1854ஆம் ஆண்டில் அவர் பியாரி சந்த் மித்ராவுடன் சேர்ந்து, பெண்களும் எளிதிற் படிக்கத்தக்க பேச்சுநடையில் ‘மாசிக் பத்ரிகா’ என்னும் வங்க இதழைத் தொடங்கினார். மித்ராவின் புகழ்பெற்ற புதினமான ‘ஆலாலேர் கரேர் துலால்’ முதலில் வெளிவந்தது அதில்தான். மலையின் உயரத்தைக் கணித்த கை, வங்க உரைநடையின் எளிமைக்கும் வழிவகுத்தது. அவரை வெறும் கணக்கராக மட்டும் எழுதுவோர் இப்பாதியை விட்டுவிடுகின்றனர்.

சுமந்தவர்கள், எண்ணி நடந்தவர்கள்

கணக்கருக்காவது பெயர் மிஞ்சியது. கருவியைச் சுமந்தவர்களுக்கு அதுவும் இல்லை. சிலப்பதிகாரத்தில் இமயத்துக் கல்லைச் சுமந்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும். கனகனும் விசயனும் தோற்ற அரசர்கள், அவர்களை இழிவுபடுத்தவே சுமக்க வைத்தனர். இழிவுக்காகவேனும் பெயர் நின்றது. அரை டன் கருவியை மலைதோறும் கோபுரந்தோறும் ஏற்றிய கலாசிகளின் பெயர்களை அளவை வரலாறு சொல்வதில்லை. அவர்களைத் தொகையாகவே எண்ணுகிறது.

1843ஆம் ஆண்டில் டேராடூனில் ஒரு நிகழ்ச்சி. அளவைத் துறையின் சுமையாட்களை அவ்வூர் நீதிபதி கூலியின்றித் தம் வேலைக்கு வாங்கியபோது, அதனைத் தடுத்து நின்றவர் சிக்தார். வழக்கு நடந்து அவருக்கு இருநூறு ரூபாய் தண்டம் விதித்தனர். முப்பது ரூபாயில் வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவருக்கு இருநூறு ரூபாய் என்ன பொருள் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். ஓடிவந்த கதைக்குப் பதிலாக இந்நிகழ்ச்சியைப் பாடநூலில் வைக்கலாகாதா என்று நாம் கேட்கிறோம். இது நடந்தது, அவருடைய உயரத்தையும் காட்டுகிறது.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரையும் மறத்தலாகாது. ஆர்க்காட்டில் பிறந்த சையது மீர் மொஹ்சின் உசேன், சென்னையில் நகைத்தொழில் செய்வோரிடம் கைத்திறன் பயின்றவர். கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்தும் திருத்தியும் தந்தார். ஐரோப்பியர் வகித்துவந்த கணிதக் கருவியாளர் பதவியை 1843இல் ஏற்றார். எவரெஸ்டின் கோணங்கள் துல்லியமாய் அமைந்தமைக்கு இவருடைய விரல்களும் காரணம். வடக்கே பிழைக்கச் சென்ற தென்னாட்டார் வரிசையில் இவரையும் சேர்த்து எண்ணுதல் நம் கடமை.

கருவி செல்ல இயலாத இடங்களுக்கு மனிதரே கருவியாகச் சென்றனர். குமாவுன் மலைநாட்டு மிலம் ஊரைச் சார்ந்த நைன்சிங் ராவத் டேராடூனில் பயிற்சி பெற்று, 1865ஆம் ஆண்டில் யாத்திரிகர் கோலத்தில் திபெத்துக்குப் புறப்பட்டார். 108 மணிகள் இருக்கவேண்டிய செபமாலையில் அவருக்கு 100 மணிகளே. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாய் இருக்க, ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் நடக்கப் பழகியிருந்தார். செபச் சக்கரத்தினுள்ளே மந்திரத் தாளுக்குப் பதில் குறிப்புத் தாள் இருந்தது. நீர் கொதிக்கும் வெப்பத்தைக் கொண்டு உயரத்தை அறிந்தார். ஏறத்தாழ 1,200 மைல் தொலைவை இவ்வாறு எண்ணியே நடந்தார். 1871இல் ஹரிராம் என்பவர் பதினைந்தாம் சிகரம் அடங்கிய மலைத்தொகுதியையே சுற்றிவந்தார்.

இவர்களின் அறிக்கைகள் இலண்டனில் அச்சேறியபோது பெயர் இல்லை. ‘பண்டிதர்’ என்றும் எண்ணாகவும் எழுத்தாகவும் குறிக்கப்பட்டனர். அவர்கள் உயிருக்கு ஊறு நேராதிருக்க அம்மறைப்பு தேவையே. இதனை நாம் குறைகூற மாட்டோம். 1877இல் நைன்சிங்குக்கு அரச புவியியல் கழகம் தங்கப் பதக்கமும் அளித்தது. ஆயினும் அவ்வறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நடந்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். குளிரும் அச்சமும் பசியும் தொகுப்பாசிரியரின் ஆங்கிலத்தில் வடிகட்டப்பட்டு, தொலைவும் உயரமும் மட்டும் மிஞ்சுகின்றன.

அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்பியவர் கிப்ளிங். 1901இல் வெளிவந்த ‘கிம்’ என்னும் புதினத்தில் நில அளவையும் ஒற்றுவேலையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாகின்றன. ஹரி சந்தர் முகர்ஜி என்னும் வங்கப் பாத்திரத்தை அவர் துணிவுடையவராகவே படைக்கிறார். ஆனால் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கிறார். ஆங்கில அறிஞர் கழகத்தில் இடம்பெற வேண்டும் என்னும் அவர் ஆசையும் நகைப்புக்குரியதாகிறது. சிக்தார் போன்றோர் வாழ்ந்த நாட்டில் அந்த ஆசையில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? அதே நூலின் இறுதிப் பகுதியில், அயல்நாட்டு ஒற்றரின் அளவைக் கருவிகளைக் கிம் மலைச்சரிவில் வீழ்த்திவிடுகிறான். ஆற்றைத் தேடும் லாமாவோ தம் வழியே செல்கிறார். அளவும் தேடலும் அங்கே பிரிகின்றன. கிப்ளிங்கின் உள்ளம் எப்பக்கம் என்பது ஐயத்துக்குரியது. அவர் கலை லாமாவின் பக்கமே நிற்கிறது. அதனால்தான் அந்நூலின் குறைகளோடும் அதனை நாம் படிக்கிறோம்.

பெயரிட்ட கதை

சிகரத்துக்கு உள்ளூர்ப் பெயர் எதுவும் அறிய இயலவில்லை என்று கூறி, வா தம் முன்னவரின் பெயரைச் சூட்டினார். முதலில் மறுத்தவர் எவரெஸ்டே. தம் பெயரை இந்தியில் எழுதுதல் அரிது, இந்நாட்டார் ஒலித்தலும் அரிது என்றார். நேபாளத்தில் பல்லாண்டு வாழ்ந்த ஹாட்ஜ்சன், தேவதுங்கா என்பதே பெயர் என்று வாதிட்டார், அது நிலைக்கவில்லை. திபெத்தியர் வழங்கிய சோமோலுங்மா என்னும் பெயரின் ஒரு வடிவம் 18ஆம் நூற்றாண்டிலேயே பாரிசில் வெளியான நிலப்படத்தில் இருந்தது. எனினும் 1865இல் அரச புவியியல் கழகம் எவரெஸ்ட் என்னும் பெயரையே ஏற்றது. தம் பெயர் தாங்கிய மலையை எவரெஸ்ட் கண்டதேயில்லை. தம் குடும்பப் பெயரை அவர் ‘ஈவ்ரெஸ்ட்’ என்று ஒலித்தார். உலகமோ வேறுவகையாய் ஒலிக்கிறது. ஆக, அம்மலை தாங்குவது அவர் பெயரையும் அன்று.

மலைக்குச் சிக்தாரின் பெயரை இட்டிருக்க வேண்டும் என்போர் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. அம்மலையின் நிழலில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயரிருக்க, ஆங்கிலேயர் பெயரை நீக்கி வங்கர் பெயரை இடுதல் அதே பிழையை வேறு மையால் எழுதுவதாகும். சிக்தாருக்குரிய இடம் கணக்கேட்டின் முகவுரை. அங்கே அவர் பெயரை மீட்பதே முறை.

அளவின் நேர்மை

பவணந்தியார் அளக்கவொண்ணாதது என்ற மலையை அளவையாளர் அளந்துவிட்டனர். எனின், இலக்கணம் பொய்த்ததா? 29,002 அடி என்ற எண் நூறாண்டு நின்றது. 1950களில் இந்திய நில அளவைத் துறை மீண்டும் அளந்து 8,848 மீட்டர், அதாவது 29,028 அடி என்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நேபாளமும் சீனமும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என அறிவித்தன. முதல் அளவைக்கும் இன்றைய அளவைக்கும் வேறுபாடு முப்பது அடி அளவே. நூறு மைலுக்கு அப்பாலிருந்து, காய்ச்சலோடு, கையால் கணித்தவர்களின் பிழை அவ்வளவுதான்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கொத்தனார் சுவரின் நேரைப் பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டைப் போன்றதே அளவையாளரின் தூக்குக்குண்டும். இமயத்தின் பொருண்மை அக்குண்டைத் தன்பக்கம் ஈர்க்கும். எவ்வளவு ஈர்க்கவேண்டும் என்று கல்கத்தாவில் இருந்த பிராட் என்னும் பாதிரியார் 1850களில் கணக்கிட்டார். விடை பதினைந்து விகலைக்கு மேல் வந்தது; அளவையில் கண்ட வேறுபாடோ ஐந்து விகலையளவே. கண்ணுக்குத் தெரியும் மலைக்கு ஏற்ற ஈர்ப்பு இல்லையே, ஏன் என்ற கேள்வியிலிருந்து, மலைகளுக்குக் கீழே எடை குறைந்த பாறை ஆழமாக வேரோடியிருக்கிறது என்னும் கருத்து பிறந்தது. நாம் காண்பது மலையின் ஒரு பகுதியே. பவணந்தியார் இதனை அறிந்து சொன்னார் என்று நாம் கூறமாட்டோம். முன்னே கூறிய எச்சரிக்கை நமக்கும் உரியது. ஆனால் உண்மையாக அளக்கத் தொடங்கியவனே அளவின் எல்லையைக் காண்கிறான் என்பதை மட்டும் கூறுவோம்.

அளவையாளர் தம் எண்ணோடு பிழையின் வரம்பையும் சேர்த்தே குறிப்பர். அந்த நேர்மையை அவர்களைப் பற்றி எழுதியோர் கடைப்பிடிக்கவில்லை. ஒருசாரார் பெயர்களை விட்டனர்; மறுசாரார் கதைகளைச் சேர்த்தனர். விடுதலும் சேர்த்தலும் இரண்டும் அளவுப் பிழைகளே.

அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகள் மலைமுகட்டில் நின்று அந்த எண்ணை ஒப்பிக்கும்போது, பெற்றோர் சிறிது நேரம் உடன் நிற்கலாம். பறங்கிமலையில் இழுத்த சங்கிலியையும், ஆர்க்காட்டுக் கைவினைஞரையும், இருநூறு ரூபாய் தண்டம் கட்டிய கணிப்பாளரையும், மணி தள்ளி நடந்த மலைநாட்டாரையும் சொல்லலாம். சுமந்தவர்களின் பெயர் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம்.